லீவுக்கு ஓர் இடம்

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே அப்பாவின் காது, அம்மாவின் முழங்கால், உன் கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் ஆலை இரைச்சலில் அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து நம் வீட்டுப் போன் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. நான் இங்கே இருமினால் அங்கே பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவள் வரைக்கும் கேட்கிறது. அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பொய்யைப் போனில் சொல்கிறேன், உண்மையைக் கடிதத்தில் எழுதுகிறேன்.

முதல் உண்மை: போன வாரம் வலிப்பு வந்தது. நம் வீட்டில் "அது" என்று சொல்வோமே, அதுதான். ஆய்வுக்கூடத்தில் கல்லை உடைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன், தலைக்கு அடியில் ஒரு பை. பக்கத்தில் ஒட்டடைக்குச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என் அறைத்தோழி. உயரத்தைப் பார்த்து விடுதியே வைத்த பெயர், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். "உங்க வீட்ல வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அம்மா வாயில் கரண்டியைத் திணிப்பாள், என் முன்பல் உடைந்தது அப்படித்தான் என்றேன்.

எங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. குளிக்கும்போது அவள் வெளியே நின்று பாடுவாள். நான் பதிலுக்கு ஒரு வரி பாடாவிட்டால் உள்ளே வந்துவிடுவாள். அவள் பாட்டைக் கேட்பதற்கு வலிப்பே தேவலை.

டிசம்பர் நடுவில் லீவு விடுகிறார்கள். மூட்டையோடு வந்து இறங்குகிறேன். உன் கண்ணாடிக்கடை முதலாளி எப்படி இருக்கிறார் என்று எழுது.

உன்னை வம்புக்கு இழுக்கக் காத்திருக்கும்
வாலு

---

அக்டோபர் 31

என் வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் மூவரும் இருக்கிறோம். அப்பாவின் காது அப்படியே, அம்மாவின் கால் மழைக்கு வீங்குகிறது. முதலாளி வழக்கம்போல லென்ஸில் கீறல் விழுந்தால் என்னைப் பார்க்கிறார், விற்றால் தன்னைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு விஷயம். எனக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. அவர் தண்ணீர் பம்பு கம்பெனியில் வேலை. முதல் மனைவி இறந்துவிட்டார், குழந்தை இல்லை. கடைக்கு வந்து அவர் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கினார். சரியாக உட்காரவில்லை என்று மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை கண்ணாடி சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.

எனக்கு முப்பத்து மூன்று ஆகிறது. நான் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். முதல் இடத்துக்காரர்கள் வந்தபோது நீ கூடத்தில் விழுந்தாய், அதற்கு நீ என்ன செய்வாய்? இரண்டாவது இடத்துக்கு யாரோ போய்ப் பற்றவைத்துவிட்டார்கள். இந்த இடம் தானாக வந்தது. இவர்கள் வீட்டார் டிசம்பர் கடைசியில் வருகிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலைந்து நாள் போக வர இருப்பார்களாம்.

அம்மா உன்னிடம் போனில் பேசுவாள்.

எனக்கென்று ஒரு வீடு அமையட்டும். அதன் பிறகு உன் லீவெல்லாம் என் வீட்டில்தான். இதைச் சும்மா எழுதவில்லை.

உன் அக்கா

---

நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். அம்மா பேசினாள். "படிப்பு நெறைய இருக்குமே, லீவுல அங்கேயே இருந்து படியேன்" என்றாள். "ஆமாம்மா, பாறை வகைப்படுத்துற வேலை பாக்கி இருக்கு, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். பின்னால் அப்பா, "என்ன சொல்றா, என்ன சொல்றா?" என்று கேட்டார். "வரலையாம்" என்று அம்மா கத்தினாள். நீ பக்கத்தில் இருந்தாயா என்று தெரியவில்லை. இருந்திருந்தால் மூச்சையும் அடக்கியிருக்கிறாய்.

அக்கா, எனக்குக் காது குத்தியாகிவிட்டது, மறுபடி குத்த வேண்டாம். கண்ணாடி வாங்க வந்தவர் எப்படி இருப்பார், பேசும்போது யாரைப் பார்ப்பார், அதையெல்லாம் எழுது. அது போதும்.

ஒட்டடைக்குச்சி அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அம்மாவிடம் கேட்டேன். "அடுத்தவங்க வீட்ல போயி உனக்கு அது வந்தா நாலு பேர் வாயில விழணுமா?" என்றாள். சரிதான். இங்கே நான் விழுவதற்கு நாலு பேர் வாயே இருக்காது. லீவுக்கு விடுதியில் தங்க மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேல்மாடியில் இருக்கும் இரண்டு அக்காக்களும் பாதியிலேயே போய்விடுவார்களாம். டாக்டர், "தனியா இருக்காதே, கூட இருக்கறவங்க ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

கொஞ்சம் பயமாக இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

வாலு

---

நவம்பர் 29

என் வாலுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு பெண் தனியாக. பேப்பரைத் திறந்தால் என்னென்ன போடுகிறார்கள். நான் சொல்வதைக் கேள். இருட்டுகிறதற்குள் அறைக்குப் போய்விடு. உள்பக்கம் தாழ்ப்பாள் போடு. விடிந்து ஆள் நடமாட்டம் கேட்கிற வரைக்கும் திறக்காதே. யார் தட்டினாலும் குரல் தெரியாமல் திறக்காதே. ஒட்டடைக்குச்சி இருக்கிற வரைக்கும் உங்கள் வழக்கம் எப்படியோ இருக்கட்டும். தனியாக இருக்கும்போது நான் சொல்வதுதான். எனக்கு வாக்குக் கொடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாத்திரையை விடாதே. கண் விழித்துப் படிக்காதே. உனக்கு ஒரு சால்வையும் சாக்ஸும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அவர் பேசும்போது என்னைத்தான் பார்க்கிறார். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

உன் அக்கா

---

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வை வந்தது. அதைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? விருந்தாளிகளுக்காக வெள்ளையடித்தீர்களா?

விடுதி காலியாகிவிட்டது, மேல்மாடி அக்காக்களும் சொன்னதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். கடைசியாகப் போனவள் ஒட்டடைக்குச்சி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள், திரும்பி வந்து என்னைத் திட்டினாள், மறுபடி போனாள். தினமும் மத்தியானம், காவல்காரம்மாவிடம் இருக்கும் வாசல் போனுக்குக் கூப்பிடுவாள். நான் இறங்கிப் போய் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேசினால் அழுவாளாம், அதனால் அந்த ஒரு வார்த்தை மட்டும்.

சமையலறை பூட்டியாகிவிட்டது. ரொட்டி, வாழைப்பழம், சில நாள் தெருமுனைக் கடையில் சோறு. நடைவழியில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். குழாயில் சொட்டுகிற தண்ணீர் மூன்றாவது அறை வரைக்கும் கேட்கிறது. சத்தம் இருந்தால் தூங்க முடியவில்லை என்று வருஷம் முழுக்கப் புலம்பினேன். இப்போது சத்தம் இல்லாமல் தூங்க முடியவில்லை. விடிகிற நேரத்தில்தான் கண் அசருகிறது.

நீ சொன்னபடி தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

கல்லூரி மருந்தகத்தையும் மூடிவிட்டார்கள், லீவு முடிந்துதான் திறப்பார்களாம். மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதே, இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன்.

அவர்கள் வந்ததும் நீ எந்தப் புடவை கட்டினாய் என்று எழுது. அந்தப் பச்சையைக் கட்டாதே, அதில் நீ அப்பாவின் ஆலை மேனேஜர் மாதிரி இருக்கிறாய்.

உன் வாலு

---

டிசம்பர் 29

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். பெண்கள் விடுதியின் வார்டன் எழுதுகிறேன். உங்கள் தங்கையின் பையில் இருந்த கடித உறையின் பின்புறம் உங்கள் கடை முகவரி கிடைத்தது. அதனால் இதைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

26ஆம் தேதி உங்கள் தங்கைக்கு அறையில் வலிப்பு வந்திருக்கிறது. காலையிலேயே வந்திருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று வந்திருக்கிறது. மத்தியானம் அவருடைய அறைத்தோழி வாசல் போனுக்குக் கூப்பிட்டபோது இவர் இறங்கி வரவில்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது என்று காவல்காரம்மா சொன்னதற்கு அந்தப் பெண் போனிலேயே கூச்சல் போட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் வந்து, பால் வண்டிக்காரரின் உதவியோடு கதவை உடைக்க நேரமாகிவிட்டது. தாழிடாமல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வலது தோள் விலகிவிட்டது. நாக்கு கிழிந்திருக்கிறது. எச்சில் புரையேறி நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. நேற்றுதான் நினைவு திரும்பியது. அவருடைய மாத்திரைகள் பாதி பாதியாக உடைத்து ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மருந்தகம் திறக்கிற வரை வர வேண்டும் என்று அப்படிச் செய்ததாக இப்போது சொல்கிறார். லீவு நாளில் மருந்துக்கு என்ன வழி என்று விடுதியும் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை.

எங்களிடம் இருந்த வீட்டு எண்ணுக்கு அன்று மருத்துவமனையிலிருந்தே மூன்று முறை கூப்பிட்டேன். முதல் இரண்டு முறை வயதான ஒரு பெண்மணி எடுத்து, நான் மாணவியின் பெயரைச் சொன்னதும், தவறான எண் என்று வைத்துவிட்டார். மூன்றாம் முறை ஓர் இளம்பெண் எடுத்தார். "தப்பான நம்பருங்க, இனிமே போடாதீங்க" என்று தன்மையாகச் சொன்னார். சரியான எண்ணைத் தெரிவிக்கவும். வீட்டிலிருந்து யாராவது உடனே புறப்பட்டு வருவது நல்லது.

இப்படிக்கு,
வார்டன்

---

ஜனவரி 18

என் கண்ணே, வாலு,

எப்படி இருக்கிறாய்? வலி குறைந்ததா? சாப்பிட முடிகிறதா? இந்தக் கடிதத்தை எத்தனை தடவை கிழித்தேன் என்று எனக்கே தெரியாது.

வார்டன் அம்மாவின் கடிதம் கடைக்கு வந்தது. நல்ல வேளை, வீட்டுக்கு வரவில்லை. அப்பாவிடம் உனக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அன்றைக்குப் போன் வந்ததே எனக்குத் தெரியாது. நான் சமையலறையில் இருந்தேன். அவர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே பேச்சுச் சத்தம். அம்மா பதறிப்போய் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

நான் ஓடி வந்திருக்க வேண்டும். கிளம்பினால் எங்கே, எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். அம்மா என் காலைப் பிடிக்காத குறை. மார்ச் முதல் வாரம் தேதி குறித்துவிட்டார்கள். ஒட்டடைக்குச்சியின் அம்மா ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல்.

மாத்திரையைப் பாதியாக உடைத்தாயே, எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் பார்சலில் அனுப்பியிருக்க மாட்டேனா?

ஒரு துண்டும் செருப்பும் அனுப்புகிறேன். செருப்பு வழுக்காது, கடையில் நடந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

உன் அக்கா

---

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். தோளில் இன்னும் கட்டு இருப்பதால் நான் சொல்ல, ஒட்டடைக்குச்சி எழுதுகிறாள். அதனால்தான் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. (இதை எழுதுகிறவள் சொல்கிறேன்: என் எழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. நன்றியை எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நன்றி எதுக்கு, ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்"னு சொன்னார்கள்.)

அவள் எழுதியதை அடிக்கச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள்.

நெஞ்சுச் சளி போய்விட்டது. நாக்கு ஆறிவிட்டது, ஆனால் சில எழுத்து வழுக்குகிறது. ஒன்று மட்டும் சரியாகவில்லை. பாறைப் பெயர்களில் பாதி ஞாபகத்திலிருந்து போய்விட்டது. ஒரு கல்லைக் கையில் எடுத்தால் தெரிந்த முகமாக இருக்கிறது, பெயர் வரவில்லை. இந்தப் பருவத்தை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி அதை நினைத்து அழுகிறேன். (அழுகிறாள். நான் பார்க்கிறேன்.)

அக்கா, நீ சமையலறையில் இருந்ததாக எழுதியிருக்கிறாய். மூன்றாவது தடவை எடுத்த குரல் ரொம்பத் தன்மையாக இருந்தது என்று வார்டன் அம்மா என்னிடமும் சொன்னார். நம் வீட்டில் தன்மையாகப் பேசுகிறவள் நீ ஒருத்திதான். எனக்குக் கோபம் வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு, கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் என் பெயர் வந்தால் நீ வேறு என்னதான் செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. எனக்குத் தேர்வு என்று எல்லோரிடமும் சொல்லிவிடு, நானும் அதையே சொல்கிறேன். மே மாதம் பெரிய லீவு. அப்போது விடுதியை முழுக்கப் பூட்டிவிடுவார்கள், யாரையும் தங்க விடமாட்டார்கள். நீ சொன்ன அந்த வீட்டைத்தான் நம்பியிருக்கிறேன்.

நீ நன்றாக இரு. இதை மனசார எழுதச் சொல்கிறேன். (மனசாரத்தான் சொல்கிறாள், எனக்குத்தான் பொறுக்கவில்லை.)

வாலு

---

மார்ச் 24

என் வாலுக்கு,

உன் தோள் கட்டு பிரித்தாகிவிட்டதா? இங்கே நானும் அவரும் நலம். அம்மா அப்பா போன வாரம் வந்து போனார்கள்.

நீ எழுதியதற்கு நான் என்ன பதில் எழுதுவேன்? அடி என்று வைத்துக்கொள், வாங்கிக்கொண்டேன்.

வீடு சின்னதுதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது, பழைய பம்பு பாகங்கள் அடைந்து கிடந்தன. நானே ஒழித்துக் கழுவினேன். ஜன்னல் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும், ஆனால் காற்று வரும். அதில் உன் கட்டிலைப் போட்டாகிவிட்டது. அவர் நல்ல மனிதர். "உன் தங்கச்சி எப்ப வருது?" என்று அவரே கேட்டார். மாமியார் கொஞ்சம் கறார், ஆனால் நான் விற்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் என்னைக் குறை சொல்கிறார்.

உன் உடம்பைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்கிறேன். நீ வரும்போது மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிக்கொண்டு வா.

மே மாதம் கண்டிப்பாக வா.

உன் அக்கா

---

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானே எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தாலே தெரியும். சுகம். மாமாவுக்கும் அவர் அம்மாவுக்கும் என் வணக்கம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன், மே 4ஆம் தேதி. அந்த அறையைப் படித்துப் படித்து எனக்குப் பழகியே போய்விட்டது. எதிர்வீட்டுச் சுவர் செங்கல்லா, கருங்கல்லா? கருங்கல்லாக இருந்தால் பாடம் படித்த மாதிரியும் ஆச்சு. பாறைப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஒட்டடைக்குச்சி சாப்பிடுகிறபோதெல்லாம் ஒரு கல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பெயர் சொன்னால்தான் தண்ணீர் தருகிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வருவதற்குள் மாமாவிடம் சொல்லிவிடு. டப்பாவை மாற்றச் சொன்னாய், மாற்றுகிறேன். ஆனால் அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உன்னைத் தவிர அந்த வீட்டில் இன்னும் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நீ பகல் முழுக்கக் கடையில் இருப்பாய். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், வாயில் எதையும் வைக்க வேண்டாம், நிற்கிற வரை பக்கத்தில் இருந்தால் போதும்.

வருகிறேன் அக்கா. நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது.

உன் வாலு

---

ஏப்ரல் 28

என் வாலுக்கு,

நலமா? நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சந்தோஷப்பட வேண்டும். நீ சித்தி ஆகப்போகிறாய். எனக்கு வாந்தியும் மயக்கமுமாக இருக்கிறது, கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அதனால் இந்தத் தடவை மட்டும் நீ வர வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்ளாதே. மாமியார் ஏற்கெனவே நம் குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன நோய் என்று துருவித் துருவிக் கேட்கிறார். இந்த நேரத்தில் நீ வந்து அவர் கண்முன் ஏதாவது ஆகிவிட்டால், குழந்தைக்கும் வந்துவிடும் என்று என்னை உயிரோடு வைக்க மாட்டார். மாமாவிடமும் அதனால்தான் சொல்லவில்லை. மாமாவின் சாமான்களை மறுபடி அந்த அறையில் போட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்குத்தான்.

அம்மாவிடம் கேட்டுப் பார். அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் மனசு கேட்கவில்லை.

அக்கா

---

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமா? வாந்தி நின்றதா? சாப்பாடு இறங்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடு. வெறும் வயிற்றோடு இருக்காதே.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டேன். "அக்கா நல்ல சேதி சொல்லியிருக்கா, அவங்க வீட்டு ஆளுங்க வந்து போற நேரம், நீ அங்கயே ஒரு வழி பண்ணிக்கோம்மா" என்றாள். அப்பா பின்னால் என்ன என்ன என்று கேட்டார். இந்தத் தடவை அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒட்டடைக்குச்சியின் வீட்டில் இருக்கிறேன். அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார், அம்மா துணி தைக்கிறார். வந்த முதல் நாள் சாப்பிடும்போது அவள் அப்பா, "வந்துச்சுன்னா என்னம்மா பண்ணணும்? இப்பவே சொல்லிடு, நான் கொஞ்சம் பயந்த ஆளு" என்றார். நான் தரையில் படுத்துக் காட்டினேன். அவர் என்னை ஒருக்களித்துத் திருப்பிப் பழகினார். "பஸ்ஸைத் திருப்பறதே மேல்" என்றார். நான் படுத்தபடியே சிரித்தேன், பிறகு அழுதுவிட்டேன். எனக்கு வந்த இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை அக்கா. நான்கூட யாரையும் கேட்க விட்டதில்லை.

போன வாரம் வந்தது. வாசலில், பட்டப்பகலில், தெருவே பார்க்க. கண் விழித்தபோது அவள் அம்மாவின் மடியில் தலை இருந்தது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சுற்றி நின்றவர்களிடம் அவர், "எங்க வீட்டுப் பொண்ணுதான். வலிப்பு. கொஞ்ச நேரத்துல எழுந்திரிச்சிடும், போய் வேலையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் போனார்கள். நாலு பேர் வாயில் விழுவது என்று அம்மா பயப்பட்டாளே, அது இவ்வளவுதான். சாயந்திரம் எதிர்வீட்டுக்காரி வந்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விடுதி அலுவலகத்தில் நம் வீட்டு எண்ணை எடுத்துவிட்டு இவர்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இனி லீவுக்கு வரட்டுமா என்று உன்னிடம் கேட்டு எழுத மாட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்றால் பொய். பாசமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

உனக்காக ஒன்று கேட்டு வைத்தேன். எனக்கு வந்திருப்பது சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலின் மிச்சம், பரம்பரையாக வருவது இல்லை என்று டாக்டர் சொன்னார். அதனால் உன் குழந்தைக்கு வந்துவிடும் என்று பயந்து சாகாதே. மாமியார் கேட்டால் தைரியமாகச் சொல், கேட்காவிட்டாலும் சொல்.

ஒருவேளை உன் குழந்தைக்கு வேறு ஏதாவது ஒன்று இருந்து, வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒரு நாள் வந்தால், அதை எங்கேயும் தனியாக விட்டுவிடாதே. லீவுக்கு என்னிடம் அனுப்பிவிடு.

தங்கை